பத்தொன்பதாவது கூறு

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு ஹரிபிரசாத் திருத்தங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கினான்.

அப்பா எதிர்ச் சாரியில் எக்செல் வண்டியோடு நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவர் மகனைப் பார்க்கவில்லை. மகனுக்குப் பின்னால் பஸ் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒரு சாக்கு மூட்டை இறங்கியது. கண்டக்டர் விசில் கொடுத்தார்.

பஸ் போன பிறகும் அப்பா கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தார்.

"ராக்கப்பன் வரலையா?"

"ஆஸ்பத்திரியில லீவு குடுக்கலப்பா."

மதுரையிலிருந்து வரும் வழியெல்லாம் அவன் வேறொரு வாக்கியத்தைச் சொல்லிப் பழகியிருந்தான். ராக்கப்பன் வீட்ட விட்டுப் போயிட்டான்ப்பா. விருதுநகர் தாண்டியதும் ஒருமுறை உதட்டை அசைத்துச் சொல்லியும் பார்த்தான். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சரி, பரவால்ல," என்றார் அப்பா. "கூறு வாங்குறது நீதான. அந்தத் தம்பி அடுத்த வருசம் வரட்டும்."

இந்த ஒரு காலைக்காகத் தை மாதம் முழுக்கச் சண்டை போட்டவர் அப்பா தங்கப்பாண்டியன்.

ஆனைக்குட்டம் கருப்பசாமிக்குப் பதினெட்டுத் தலைக்கட்டு. சிவராத்திரிக்கு மறுநாள் கிடா வெட்டி, கறியைப் பதினெட்டுக் கூறு போடுவார்கள். கல்யாணம் ஆகித் தனி உலை வைத்தவனுக்கு ஒரு கூறு. ஆகாதவனுக்குக் கிடையாது. அவன் அப்பன் கூறில் தின்ன வேண்டியதுதான். ஹரிபிரசாத்துக்கு முப்பத்துநாலு வயது. இதுவரை அப்பன் கூறில் தின்றவன்.

தைக் கூட்டத்தில் அப்பா எழுந்து, இந்த வருசம் என் மகன் வீட்டுக்கும் ஒரு கூறு வைக்கணும் என்றார். பொண்ணு எப்ப பாத்தீக, சொல்லவே இல்ல என்று கேட்டார் பெத்தணன் பெரியப்பா. கோயிலுக்கு மூத்தவர் அவர்.

பொண்ணு இல்ல, பையன் என்றார் அப்பா.

அதன் பிறகு யார் யார் எழுந்து போனார்கள், யார் துண்டை உதறினார்கள் என்பதெல்லாம் வாசகர்களுக்குத் தெரியும். ரெண்டு ஆம்பளைக இருக்கிற வீடு எப்படி அடுப்பாகும் என்று பெத்தணன் கேட்டார். அப்பாவிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஆறு வருசமா ஒரே உலையில சோறு வடிக்கிறாக. அதையே நாலு கூட்டத்திலும் சொன்னார். கடைசியில் சாமியிடம் பூக்கட்டிக் கேட்டார்கள். சிவப்பு வந்தால் இல்லை, வெள்ளை வந்தால் உண்டு. வெள்ளை வந்தது. பெத்தணன் பொட்டலத்தை இரண்டு தடவை பிரித்துப் பார்த்தார். கருப்பன் சொன்ன பெறகு நான் யாரு என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

செய்தி மதுரைக்கு வந்த அன்று ராக்கப்பன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் போய்ப் பதினாறு நாள் ஆகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவனுடைய அண்ணன், இருவரும் குடியிருந்த மதுரை திருநகர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அம்மா ரெண்டு நாளா பச்சத் தண்ணி குடிக்கல, கெளம்பு என்றார். ராக்கப்பன் இரண்டு பைகளில் துணிகளை எடுத்து வைத்தான். அடுப்படியிலிருந்து எதையும் எடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் நிமிர்ந்தான்.

"யாரு சொன்னாங்கன்னு கேக்காத ஹரி. நல்ல மனசோட சொன்னதுதான்."

அதன் பிறகு அவன் போனை எடுக்கவில்லை. ஒரே ஒரு முறை இரண்டு வரி அனுப்பினான். பங்குனியில் கல்யாணம் வச்சிருக்காங்க. அம்மா சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்க.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருநகர் வீட்டுக்கு ஏழெட்டுப் பேர் சாப்பிட வருவார்கள். வாரத்தில் ஆறு நாள் வேறு யாராகவோ இருந்துவிட்டு, ஏழாம் நாள் மத்தியானம் அங்கே வந்து சத்தமாகச் சிரிப்பவர்கள். ஹரி பதினாறு நாளாக அந்த முகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சந்தேகப்பட்டான். ஜெராக்ஸ் கடை தனுஷ்கோடியிடம் கேட்டேவிட்டான். நீங்களாண்ணே சொன்னது? தனுஷ்கோடிக்கு ஐம்பது வயது. ஹரிக்குச் சோறு கொண்டு வந்திருந்தார். அவர் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

வண்டி ஆனைக்குட்டம் ரோட்டில் திரும்பியது. இரண்டு பக்கமும் பட்டாசுக் கம்பெனிகளின் கம்பி வேலி. உள்ளே தள்ளித் தள்ளி வெள்ளையடித்த சின்ன அறைகள்.

அப்பா முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"என்னப்பா?"

"ஆலங்குளம் போயிருந்தேன், ராக்கப்பன் வீட்டுக்கு."

ஹரி பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

புதிதாக ஒரு வீடு கூறு வாங்குகிறதென்றால் சம்பந்தி வீட்டுக்குத் தட்டு வைத்துச் சொல்ல வேண்டும். அது முறை. அதைச் செய்யாமல் கறியை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் களவாணித்தனமாகக் குடும்பம் நடத்துகிற மாதிரி ஆகிவிடும். ஊர் முன்னால் ஒரு முறை, உள்ளுக்குள் ஒரு முறை என்று அவருக்கு இருக்க முடியாது. ஹரியிடம் கேட்டால் வேண்டாம் என்பான் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. தை கடைசி ஞாயிறு போனார். ஒரு சீப்புப் பழம், வெற்றிலை பாக்கு, அரைக் கிலோ சீரணி மிட்டாய். ஆலங்குளத்தில் மூன்று பேரிடம் வழி கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தார்.

"வாசல்ல நின்னு, சம்பந்தியம்மான்னு கூப்பிட்டேன். வேற எப்படிக் கூப்பிடுறது, நீயே சொல்லு."

எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிவிட்டு அப்பா தொடர்ந்தார்.

"அந்தம்மா மொதல்ல யாரு வேணும்னு கேட்டாக. பக்கத்து வீட்டம்மா ஒண்ணு அங்கன உக்காந்து அரிசி பொடச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் வெவரமாச் சொன்னேன். மதுரையில நீங்க ரெண்டு பேரும் இருக்கிறது, சாமி பூக் குடுத்தது, அம்புட்டும்."

"அவுக என்ன சொன்னாக?"

"ஒண்ணுஞ் சொல்லல. தட்ட வாங்கி உள்ள வச்சாக. காப்பி குடுத்தாக. உங்க விசயம் தெரிஞ்சப்ப உங்க அம்மா எட்டு மாசம் என் மூஞ்சியில முழிக்கல. அந்தம்மா ஒரு வார்த்த எதுத்துப் பேசல. பெரிய மனசு."

ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வந்தது செவ்வாய்க்கிழமை. ரெண்டு நாளா பச்சத் தண்ணி குடிக்கல.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அப்பாவின் முதுகு மிக அருகில் இருந்தது. சலவைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது.

"அவுகளுக்கு எங்களப் பத்தித் தெரியும்னு யாருப்பா சொன்னா?"

அப்பா தலையைப் பாதி திருப்பினார். கேள்வி அவருக்கு விளங்கவில்லை என்று தெரிந்தது.

"தீவாளிக்கு அந்தத் தம்பி நம்ம வீட்ல வந்து சாப்பிட்டுச்சுல்ல. பெத்தவகிட்டச் சொல்லாமயா வந்திருக்கும்?"

அவர் முப்பத்தோரு வருடம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒரு அறைக்கு நாலு பேர். ஐந்தாவது ஆள் வாசல்படியில் கால் வைத்தால் கத்துவார். அவர் பார்த்த அறை ஒன்றுகூட வெடித்ததில்லை. ஓய்வு பெற்ற நாளில் முதலாளி மேடையில் அதைத்தான் சொன்னார்.

"கோவமாலே?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

*

கோயிலில் கிடாக்களை விடியும்போதே வெட்டி முடித்திருந்தார்கள். தார்ப்பாய்க்குக் கீழே ஆண்கள் ஓலைப்பாயில் உட்கார்ந்து கறி துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அணைத் தண்ணீர் தூரத்தில் வெயிலில் கிடந்தது.

அப்பா வண்டியை நிறுத்திவிட்டு நேராகப் போய்க் கைகால் கழுவிக்கொண்டார். இந்த வருடம் கூறு வைக்கிறவர் அவர். யாருக்கும் ஒரு துண்டு கூடவோ குறையவோ கூடாது. ஈரல், தொடை, நெஞ்செலும்பு எல்லாம் எல்லோருக்கும் சமமாக விழ வேண்டும். அதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்று பெத்தணனே சொல்வார்.

சித்தப்பா மகன் கோட்டைச்சாமி கத்தியைத் துடைத்தபடி ஹரியைப் பார்த்தான்.

"ஏலே, கூறு வாங்க வந்துட்ட. உங்க வீட்ல கொளம்பு வைக்கிறது யாரு?"

"அவன். நான் வெங்காயம் உரிப்பேன்."

"அப்ப நீதான்லே என் கட்சி. முப்பது வயசுல இருந்து உரிக்கேன், இன்னும் அரிவாமனையத் தொட விடமாட்டேங்குறா."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதில் குத்தல் இல்லை. போன வருடம், அரசல்புரசலாகப் பேச்சு அடிபட்டபோது, இதே இடத்தில் இவர்கள் ஹரிக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தவர்கள். இப்போது ஒருவர் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். ஹரி வாங்கிக் குடித்தான். குடித்து முடிக்கும்வரை செம்பை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

அம்மா கற்பகவல்லி வேப்பமரத்தடியில் பெண்களோடு இருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து மரத்துக்கு அந்தப் பக்கம் வந்தாள். கையில் துணிப்பை.

"எளச்சுட்ட," என்றாள்.

பையிலிருந்து ஒரு எவர்சில்வர் குண்டாவை எடுத்தாள். புது அடுப்புக்கு முதல் கூறு ஆக்க, பெற்றவள் பாத்திரம் கொடுக்க வேண்டும். சிவகாசிப் பாத்திரக் கடையில் வாங்கியிருந்தாள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. ஹரிபிரசாத் – ராக்கப்பன்.

விசயம் தெரிந்த இந்த மூன்று வருடத்தில் அம்மா அந்தப் பேரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை.

"கடக்காரன் என்ன எளுதணும்னு கேட்டான். சொன்னேன். யாரும்மா இது ரெண்டு பேருன்னான். எம் பிள்ளைகன்னேன்." அவள் முந்தானையால் மூடியைத் துடைத்தாள். "அந்தத் தம்பி எங்க?"

"ஆஸ்பத்திரியில லீவு..."

"எங்கிட்டயுமா?"

ஹரி குண்டாவைக் கையில் வாங்கினான். கனமாக இருந்தது.

"போயிட்டாம்மா. வீட்ல தெரிஞ்சுபோச்சு. பங்குனியில கல்யாணம் வச்சிருக்காக."

அம்மா மரத்தில் கையை ஊன்றினாள். எப்போது என்று கேட்டாள். பதினாறு நாள் என்றான். அவள் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தாள். இன்று வியாழன். புதன், செவ்வாய், திங்கள். இரண்டாவது கை முடிந்து மறுபடி முதல் கைக்கு வந்தபோது நின்றுவிட்டாள். தார்ப்பாய்ப் பக்கம் பார்த்தாள். அங்கே அப்பா ஈர இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"வெத்தலய அடுக்கிக் குடுத்தது நான்," என்றாள் அம்மா. "அழுகல் இருந்துச்சு ரெண்டு. அதயும் பாத்து எடுத்தேன்."

மரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பெத்தணனின் மருமகள் இசைவாணியைக் கூப்பிட்டு மஞ்சள்பொடி கேட்டார்கள்.

"உங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம்."

ஹரிக்கு அப்போதுதான் அடுத்தது உறைத்தது. கூறு எடுக்குமுன் பெத்தணன் ஒவ்வொரு வீட்டையும் கேட்பார். அடுப்பு எரியுதா? கருப்பசாமியின் அரிவாளுக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். பொய் சொல்லி வாங்கிய கறி வீடு தங்காது என்பார்கள். நாலு வருடத்துக்கு முன்னால், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, கோட்டைச்சாமி எல்லோர் முன்னாலும் எரியல பெரியப்பா என்று சொல்லிவிட்டுக் கூறு வாங்காமல் நடந்து போனான். அடுத்த வருடம் அவள் வந்துவிட்டாள். அவனும் வாங்கினான். அவனுக்கு ஒரு வருடம் போனது, அவ்வளவுதான்.

ஹரி அப்படிச் சொன்னால் அப்பாவுக்கு என்ன போகும் என்று ஹரிக்குத் தெரியும். நாலு கூட்டம். வெள்ளைப் பூ. ஏன் எரியல என்று கேட்பார்கள். ஆலங்குளத்துக்காரனுக்குக் கல்யாணம் என்று பங்குனியில் தானாகவே தெரிந்துவிடும். ஆனால் இன்றைக்கே தெரிந்தால் அப்பா இன்றைக்கே நாள் எண்ணுவார். அம்மாவுக்கு இரண்டு கை விரல் தேவைப்பட்டது. அவருக்கு அதுவும் தேவைப்படாது.

"கருப்பன் முன்னால பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"சொல்லு." அம்மா அவன் கையிலிருந்த குண்டாவைத் திரும்ப வாங்கி மூடியைப் போட்டாள். "கேட்டா என்னயக் கேக்கட்டும்."

*

பத்தொன்பது இலை.

பதினெட்டு ஒரு வரிசையில் நிற்காது என்று மூன்று வரிசையாக ஆறாறு வைப்பது வழக்கம். இந்த வருடம் அப்பா கடைசி வரிசையில் ஏழு வைத்திருந்தார். கறியைக் கையால் தூக்கிப் பார்த்துப் பார்த்துப் போட்டார். ஒரு இலையில் எலும்பு கூடிவிட்டதென்று எடுத்து இன்னொன்றில் வைத்தார். கடைசி இலைக்கு வந்தபோது கொஞ்சம் நின்று, அதில் இருந்த ஈரல் துண்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். பெரிதாக இருந்ததால் எடுத்தார். மகனுக்குக் கூட வைத்தார் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது.

பெத்தணன் அரிவாளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எழுபத்தாறு வயது. குரல் மட்டும் தளரவில்லை.

"தங்கப்பாண்டியன் வீட்ல அடுப்பு எரியுதா?"

"எரியுது."

"எடுத்துக்க."

"கோட்டைச்சாமி வீட்ல அடுப்பு எரியுதா?"

"எரியுது. புகையுது கொஞ்சம்."

"எடுத்துக்கலே."

பேர்கள் போய்க்கொண்டிருந்தன. ஹரி வரிசையின் கடைசியில் நின்றான்.

திருநகர் வீட்டில் சிலிண்டர் தீர்ந்து ஒன்பது நாள். கேஸ் இணைப்பு ராக்கப்பன் பேரில் இருந்தது. பதிவு செய்தால் அவன் போனுக்குத்தான் எண் வரும். அந்த எண்ணைச் சொன்னால்தான் சிலிண்டரை இறக்குவார்கள். ஹரி ஒருமுறை பதிவு செய்தான். சிலிண்டர்க்காரர் வாசலில் நின்று நம்பர் சொல்லுங்க என்றார். ஹரி ராக்கப்பனுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. சிலிண்டர்க்காரர் இரண்டு நிமிடம் நின்றார். பிறகு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று முதல் ஹரி கடையில் சாப்பிடுகிறான்.

பதினெட்டாவது இலையும் எடுக்கப்பட்டுவிட்டது. ஒன்று மட்டும் மீதி இருந்தது.

பெத்தணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பெண்கள் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து நின்றார்கள். அப்பா இலைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மகனைப் பார்க்கவில்லை. இலையின் ஓரம் மடங்கியிருந்ததை விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் நகக்கண்ணில் வெள்ளிப்பொடி போகவில்லை.

"ஹரிபிரசாத் வீட்ல," என்றார் பெத்தணன். அந்த வார்த்தைக்கு அவர் பழகவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் நிறுத்தாமல் சொன்னார். "அடுப்பு எரியுதா?"

அரிவாளில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஓர் எறும்பு அதில் ஏறிக்கொண்டிருந்தது.

"எரியுது," என்றான் ஹரி.

"புது அடுப்பு. யாரு யாரு?"

இப்படி ஒரு கேள்வி இருப்பதை இந்தப் பதினாறு நாளில் ஹரி மறந்திருந்தான். புது அடுப்புக்கு மட்டும், முதல் வருடம் மட்டும் கேட்பது. கல்யாணமானவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லிக் கேட்டிருக்கிறான். பெண்டாட்டி பேரைச் சபையில் சொல்லும் அந்த ஒரு தடவைக்காகவே கிண்டல் செய்யக் காத்திருப்பார்கள்.

ஆறு வருடத்தில் அவர்கள் இருவர் பேரையும் சேர்த்து வெளியே எங்கேயும் சொன்னதில்லை. வீட்டுக்காரம்மாவிடம் அண்ணன் தம்பி. ஆஸ்பத்திரியில் ரூம்மேட். கல்யாண வீடுகளில் தனித்தனி மொய். தைக் கூட்டத்துச் செய்தி வந்த பிறகு ராக்கப்பன் அடுப்படியில் நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஹரியைப் பழக்கியிருந்தான். பெத்தணன் மாதிரியே குரலை மாற்றி, யாரு யாரு என்று கேட்பான். சத்தமாச் சொல்லணும், முழுங்கக் கூடாது என்பான்.

"ஹரிபிரசாத்," என்றான். "ராக்கப்பன்."

சத்தமாகத்தான் வந்தது.

"எடுத்துக்க."

குனிந்து இலையை எடுத்தான். கறி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

குலவைச் சத்தம் கேட்டது. அம்மா மட்டும்தான் போட்டாள். புது வீடு கூறு எடுத்தால் பெண்கள் குலவை போட வேண்டும். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போட்டாள். அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவை இசைவாணி சேர்ந்துகொண்டாள். பிறகு கோட்டைச்சாமியின் பெண்டாட்டி. பிறகு எல்லோரும்.

அப்பா எழுந்திருக்க முயன்றார். முழங்கால் பிடித்துக்கொண்டது. கோட்டைச்சாமி கை கொடுத்துத் தூக்கிவிட்டான். நின்ற பிறகும் அவர் அந்தக் கையை விடவில்லை.

*

பெத்தணன் தேடிக்கொண்டு வந்தார். திருநீற்றுத் தட்டிலிருந்து எடுத்து ஹரியின் நெற்றியில் பூசினார். மதுரையில் எந்த ஆஸ்பத்திரி, அங்கே அந்தப் பையனுக்கு என்ன வேலை, ரத்தம் எடுக்கிற வேலையா என்றெல்லாம் விசாரித்தார். தனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒருநாள் வந்து அவனிடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பிறகு குரலை இறக்கினார்.

"நான் பேசுனதெல்லாம் மனசுல வச்சுக்காத. அவங்கிட்டயும் சொல்லு. அடுத்த வருசம் ரெண்டு பேரும் சேந்து வரணும், என்ன?"

"சரி பெரியப்பா."

அவர் திருநீற்றுத் தட்டோடு அடுத்தவரிடம் போனார்.

ஹரி கறியைக் குண்டாவில் போட்டு மூடினான். பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தால் மூன்று மணிக்குள் திருநகர் போய்விடலாம். தனுஷ்கோடியின் கடைக்குப் போய், அன்றைக்குக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கலாம். இந்தக் கறியை அவரிடமே கொடுத்துவிடலாம். அவர் வீட்டில் அடுப்பு எரியும். யார் சொன்னது என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தான். அவர் கேட்க மாட்டார்.

அம்மா அவனருகில் வந்து நின்றாள். தொண்டை கட்டியிருந்தது.

"நீ கெளம்பு," என்றாள். "நான் பாத்துக்கறேன். பங்குனி வரட்டும், நான் பதமாச் சொல்லிக்கறேன். அவுக வீட்ல யாரோ சொந்தக்காரன் பாத்துட்டான்னு சொல்லிக்கறேன்."

"ம்."

"நீ அவருகிட்டக் கோவமா ஒண்ணும் பேசலையே?"

"இல்லம்மா."

"பேசிராத."

அப்பா தார்ப்பாய்ப் பக்கமிருந்து வேகமாக வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வெள்ளைச் சட்டையில் இரண்டு சொட்டு ரத்தம். அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் எட்டு மாதம் பேச்சில்லாமல் இருந்த காலத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து ஹரி பார்க்கவில்லை.

குண்டாவைத் திறந்தார். ஹரியைக் கேட்காமல், உரிமையோடு, உள்ளேயிருந்து ஒரு கை கறி எடுத்தார். ஈரல் துண்டையும் சேர்த்து எடுத்தார். அதை ஒரு வாழையிலையில் வைத்து மடித்து, நாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். கம்பெனியில் சரவெடி கட்டுகிற மாதிரி இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"என்னங்க இது?" என்றாள் அம்மா.

புது அடுப்பின் முதல் கூறில் ஒரு கை சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவளுக்கே அவள் பிறந்த வீட்டுக்கு அப்படித்தான் போனது.

அப்பா பொட்டலத்தைத் துணிப்பையில் வைத்தார். வண்டியின் முன்கொக்கியில் பையை மாட்டினார். ஆடாமல் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். பிறகு வண்டியில் உட்கார்ந்து, பின்சீட்டைக் கையால் தட்டித் துடைத்துவிட்டு, மகன் பக்கம் திரும்பினார்.

"வெயில் ஏறுறதுக்குள்ள ஆலங்குளம் போயி அந்தம்மா கையில குடுத்துட்டு வந்துரணும். நீயும் ஏறுறியா, நான் மட்டும் போயிட்டு வரட்டா?"